மூன்றுமே 11 அங்குலம், அண்ணாச்சி

அண்ணாச்சி, வணக்கம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்து மறுபடி தெளிவாகத் தெரிகிறது என்று நீங்கள் சொன்னதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நீங்கள் கேட்டது இதுதான்: 35,000 ரூபாய்க்குள் ஒரு டேப்லெட் வாங்க வேண்டும். ஆப்பிள் ஐபேட் ஏ16, சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ், சியோமி பேட் 7, இந்த மூன்றில் எது? உங்களுக்குப் பழைய தமிழ்ப் புத்தகங்களும் பத்திரிகைத் தொகுப்புகளும் படிக்க வேண்டும். மாதுங்கா ஒர்க்‌ஷாப்பில் ரயில்வே வேலையில் இருந்த காலத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதி வைக்க வேண்டும். மதினிக்கு யூடியூபும், ஊரில் இருக்கிறவர்களோடு வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவதும். எட்டாம் வகுப்புப் பேத்திக்கு சாயங்காலம் கொஞ்சம் பாடம்.

மும்பை லாமிங்டன் ரோட்டில் 14 வருடமாக போனும் டேப்லெட்டும் கழற்றி மாட்டுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் பிராசஸர் வேகம் என்பதைத்தான். நீங்கள் சொன்ன வேலைகளுக்கு அதை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. புத்தகம் திறக்க, வீடியோ ஓட, அழைப்பு பேச இந்த மூன்றின் வேகமும் போதும். கேமராவையும் விட்டுவிடலாம், டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்து யாரும் படம் எடுக்கப் போவதில்லை. உங்களுக்கு முக்கியம் திரையில் ஒரு பக்கம் எத்தனை பெரிதாகத் தெரியும் என்பது. அதை விளம்பரத்தில் எழுத மாட்டார்கள், நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

உங்கள் புத்தகங்கள் இரண்டு வகை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் யூனிகோட் நூல்கள், கிண்டில் புத்தகங்கள் போன்றவை ஒரு வகை. இவற்றில் எழுத்தை விரும்பிய அளவுக்குப் பெரிதாக்கலாம், வரிகள் தானாக மடங்கிக்கொள்ளும். எந்தத் திரையிலும் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் ஆர்க்கைவ் (archive.org) தளத்திலும் கிடைக்கிற பழைய நூல்கள் இன்னொரு வகை. அவை பக்கங்களைப் படமெடுத்துச் சேர்த்த பிடிஎஃப். எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. முழுப் பக்கமும் சேர்ந்தேதான் பெரிதாகும். நீங்கள் போனில் படித்துக் காட்டியதெல்லாம் இந்த இரண்டாவது வகை.

இப்போது அளவைப் பாருங்கள். திரையின் அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்தது. ஒரே 11 அங்குலத்தில் ஒன்று ஒல்லியாக நீண்டிருக்கும், இன்னொன்று அகலமாக இருக்கும். டேப் ஏ9 பிளஸ் 16:10 வடிவம், அதாவது நீளம் 16 பங்கு என்றால் அகலம் 10 பங்கு. நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் சுமார் 14.8 செ.மீ. ஐபேட் ஏ16 சுமார் 15.7. சியோமி பேட் 7 மூன்றுக்கு இரண்டு என்ற வடிவம், 11.2 அங்குலம் என்று எழுதியிருந்தாலும் அகலம் ஐபேடை ஒட்டி 15.8 செ.மீ.தான். நம் தமிழ்ப் புத்தகங்களில் நிறைய டெமி அளவு, அதாவது ஏறத்தாழ 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். அந்தப் பக்கம் மூன்றிலுமே அச்சில் இருந்த அளவுக்குக் குறையாமல் தெரியும். கவலையே வேண்டாம்.

சிக்கல் பெரிய பக்கங்களில். பைண்டு செய்த வாரப் பத்திரிகைத் தொகுப்பு, சிறப்பு மலர், ஏ4 தாளில் எடுத்த படிகள், பேத்தியின் பாடநூல் எல்லாம் டெமியைவிடப் பெரியவை. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. அது டேப் ஏ9 பிளஸில் 70 விழுக்காடாகச் சுருங்கும். ஐபேடிலும் சியோமியிலும் 75 விழுக்காடு. அச்சில் 12 பாயிண்ட் (பாயிண்ட் என்பது அச்செழுத்தின் அளவு) இருந்த எழுத்து முதலாவதில் எட்டரை பாயிண்டுக்கும் கீழே போகும், மற்ற இரண்டில் 9 பாயிண்ட். ஆங்கிலம் என்றால் 9 பாயிண்டில் சமாளிக்கலாம். நம் எழுத்தில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், மெய்யின் புள்ளி அதைவிடச் சின்னது. மங்கின பழைய அச்சில் அது காணாமலே போகும். அரை மணி நேரம் அப்படிப் படித்தால் உங்களுக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் எழுதி வைத்திருக்கிற மூன்றுக்கும் இருக்கிற குறை ஒன்றே. மூன்றுமே 11 அங்குலம். உங்கள் பட்டியலில் இல்லாத நாலாவதை நான் சேர்க்கிறேன்: 12.1 அங்குல ஒன்பிளஸ் பேட் 2. அதன் திரை 3000க்கு 2120 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள், 1.415 வரும். ஏ4 தாளின் நீள அகல விகிதம் 1.414. தாளை அப்படியே சுருக்கி வைத்த மாதிரி மேலும் கீழும் வீணாகாமல் பக்கம் உட்காரும். அகலம் 17.7 செ.மீ., அதாவது ஏ4 பக்கம் 84 விழுக்காட்டு அளவில் தெரியும். 12 பாயிண்ட் எழுத்து 10 பாயிண்டாக நிற்கும். 9க்கும் 10க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கண்ணாடி போட்டுப் படிக்கிறவருக்கு அந்த ஒரு பாயிண்ட் மிகப் பெரியது.

அது இந்தியாவில் 2024 ஜூலையில் 39,999 ரூபாய்க்கு வந்தது. உங்கள் 35 ஆயிரத்துக்கு மேல். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் பொருட்களுக்குக் கார்டுத் தள்ளுபடியும் பண்டிகைக் கால விற்பனையும் வந்துகொண்டே இருக்கும். அவசரம் இல்லாதவர் அந்த நாளுக்குக் காத்திருந்து வாங்குவதே நல்லது. இன்னும் குறைத்து முடிக்க வேண்டுமென்றால், அதே நிறுவனத்தின் பழைய பேட் கோ கடையில் கிடைக்கிறதா கேளுங்கள். 2023 அக்டோபரில் 19,999 ரூபாய்க்கு வந்தது, 11.35 அங்குலம், 7:5 வடிவம், அகலம் 16.8 செ.மீ. அதில் ஏ4 பக்கம் 80 விழுக்காடு. 34,900 ரூபாய்க்கு வந்த ஐபேடைவிடப் பக்கம் பெரிதாகத் தெரியும். பிராசஸர் சாதாரணம், ஆனால் படிக்கப் போதும்.

பெரிய திரைக்கு ஒரு விலை உண்டு: எடை. ஐபேட் ஏ16 477 கிராம், பேட் 2 584 கிராம். அதோடு உறையும் சேர்ந்தால் முக்கால் கிலோவைத் தாண்டும். கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்துப் படிக்கிறவருக்கு இது சரிவராது. மணிக்கட்டு வலிக்கும், கை நழுவி மூக்கில் விழும். உங்களை நான் பார்த்தவரைக்கும் ஜன்னல் ஓரத்து நாற்காலியில்தான் படிக்கிறீர்கள். ஒரு நல்ல ஸ்டாண்ட் வாங்கி மேசையில் நிறுத்திவிட்டால் எடை ஒரு பொருட்டே இல்லை. படுத்துத்தான் படிப்பேன் என்றால் சொல்லுங்கள், நான் ஐபேடுக்கு மாறிக்கொள்கிறேன்.

ஒருவேளை டேப் ஏ9 பிளஸே வாங்கினாலும் ஒரு வழி இருக்கிறது. படுக்கை வாட்டில் திருப்பினால் அகலம் 23.7 செ.மீ. ஆகிவிடும், ஏ4 பக்கம் அச்சைவிடக் கொஞ்சம் பெரிதாகவே தெரியும். ஆனால் பாதிப் பக்கம்தான் ஒரு நேரத்தில் தெரியும், மீதிக்குத் தள்ள வேண்டும். ஒரே பத்தியாக அச்சடித்த நூலுக்கு இது பழகிப் போகும். இரண்டு மூன்று பத்தியாக அச்சான பத்திரிகைக்கு, கீழே போய் மறுபடி மேலே வந்து அடுத்த பத்தி பிடித்து என்று அலைச்சல். அந்த டேப்லெட்டை வாங்குவதாக இருந்தால் 8 ஜிபி ரேம் (வேலை ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) உள்ளதை மட்டும் வாங்குங்கள். 4 ஜிபி மாடலும் விற்கிறார்கள். முந்நூறு எம்பி ஸ்கேன் புத்தகத்தை அதில் திறந்து வேகமாகப் பக்கம் புரட்டினால் வெள்ளைத் திரை வந்து நிற்கும்.

ரேம் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகனுக்கு ஒரு கடையில் பெயர் தெரியாத கம்பெனி டேப்லெட்டை 12 ஜிபி ரேம் என்று கொடுத்துவிட்டார்கள். திறந்து பார்த்தால் உண்மையான ரேம் 4 ஜிபி. மீதி 8, சேமிப்பு இடத்தில் கொஞ்சத்தை ஒதுக்கி ரேம் என்று கணக்குக் காட்டுவது. நல்ல கம்பெனிகளிலும் இந்த வசதி உண்டு, தப்பில்லை. ஆனால் அது ரேமின் வேகத்துக்குக் கிட்டேகூட வராது. பெட்டியில் 4+8 என்றோ 6+6 என்றோ கூட்டல் குறி இருந்தால் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி, பெயர் தெரியாத டேப்லெட்டுகளில் ஓடிடி படங்கள் மங்கலாக ஓடும். வைட்வைன் என்று ஒரு பாதுகாப்பு முறை இருக்கிறது. அதில் எல்1 தரம் இல்லாத கருவிக்கு நெட்ஃபிளிக்ஸ் போன்றவை ஹெச்டி தராது, திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.

அப்புறம் ஐபேட். அதை நான் ஒதுக்கவில்லை, அதன் பலம் ஆயுள். 2014-இல் வந்த ஐபேட் ஏர் 2-க்கு 2021-இல் வந்த ஐபேட் ஓஎஸ் 15 (ஐபேடை இயக்கும் மென்பொருள்) வரைக்கும் கிடைத்தது, ஏழு தலைமுறை. ஆண்ட்ராய்டு பக்கம் இப்போதுதான் அந்த அளவுக்கு வந்திருக்கிறார்கள். சாம்சங் 2024-இல் டேப் எஸ்10 வரிசைக்கு 7 ஆண்டு என்று அறிவித்தது. விலை குறைந்த டேப்லெட்டுகளுக்கு அவ்வளவு கிடையாது. உங்கள் விஷயத்தில் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிடிஎஃப் படிக்கிற செயலி நாலு வருடம் பழைய ஆண்ட்ராய்டிலும் நன்றாகவே ஓடும். புதிய ஓஎஸ் கட்டாயம் கேட்பவை வங்கிச் செயலிகள், அவற்றை நீங்கள் டேப்லெட்டில் போடவே வேண்டாம். யுபிஐ எப்படியும் சிம் உள்ள போனோடு கட்டிய சமாச்சாரம். பணம் போனிலேயே இருக்கட்டும்.

ஐபேடில் தமிழ் வராது என்று யாரோ சொன்னதாகக் கேட்டீர்கள். முன்பு பாதி உண்மை, இப்போது இல்லை. தமிழ் விசைப்பலகை அதில் பல வருடமாக இருக்கிறது, அஞ்சல், தமிழ்99 இரண்டும். மெனுக்கள் எல்லாம் தமிழிலேயே வருகிற வசதி 2025-இல் ஐபேட் ஓஎஸ் 18.4-உடன் வந்தது. ஆண்ட்ராய்டில் அது வெகு நாளாகவே உண்டு. மதினிக்கு அமைப்பை முழுக்கத் தமிழில் மாற்றிக் கொடுத்துவிடலாம், எதை வாங்கினாலும்.

நீங்கள் எழுத நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதில் தனி ஆர்வம். மாதுங்கா ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டி பழுது பார்த்த நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர்! அவர்கள் கதையை யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு. டைப் அடிக்கத் தெரியாது என்று தயங்க வேண்டாம். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைத் தேர்ந்தெடுத்து மைக்கை அழுத்திப் பேசினால் எழுதிக்கொள்ளும். நம் திருநெல்வேலிப் பேச்சை அப்படியே பேசினால் கொஞ்சம் தடுமாறும். வானொலிச் செய்தி மாதிரி நிறுத்திப் பேசினால் நன்றாகவே வரும். அதிலேயே கையால் எழுதும் வசதியும் உண்டு. விரலாலோ பேனாவாலோ எழுத்தை எழுதினால் அச்செழுத்தாக மாற்றித் தரும். பேசுவதற்கு டேப்லெட்கூட வேண்டாம், போனில் கூகுள் டாக்ஸைத் திறந்து பேசுங்கள். டேப்லெட்டில் அதே கணக்கில் நுழைந்தால் எழுதியது அங்கே இருக்கும். பெரிய திரையில் படித்துத் திருத்திக்கொள்ளலாம். காலை நடையில் பேசி மத்தியானம் திருத்துகிற ஒருவரை எனக்குத் தெரியும், அவருக்கு அது நன்றாகப் பிடித்துப்போய்விட்டது.

மதினியின் வாட்ஸ்அப்புக்கு எதிலும் தடையில்லை. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் 2023 முதலும் ஐபேடில் 2025 மே முதலும் அதற்கென்றே செயலி இருக்கிறது. போனில் இருக்கிற அதே எண்ணோடு இணைத்துக்கொள்ளலாம். அழைப்பு வந்தால் இரண்டிலும் மணி அடிக்கும். அவர்கள் போனில் முகம் சின்னதாகத் தெரிகிறது என்று சொல்வது இதோடு தீரும்.

பேத்திக்காகத் தனியாக ஒன்றும் யோசிக்க வேண்டாம். எட்டாம் வகுப்புக் கணக்கை நோட்டில் போடுவதுதான் நல்லது, பேனாவுக்குத் தனிச் செலவு தேவையில்லை. அது கட்டாயம் என்றால் சாம்சங் டேப் எஸ்10 லைட்டில் பேனா பெட்டியிலேயே வருகிறது. ஐபேடுக்கு யுஎஸ்பி-சி பென்சில் மட்டும் 7,900 ரூபாய். மூன்று பேர் ஒரே கருவியைத் தொடும்போது வேறொரு தொல்லை வரும்: நீங்கள் படித்த பக்கம் மாறியிருக்கும், யூடியூபில் உங்களுக்குப் பாட்டுக்குப் பதில் கார்ட்டூன் வரும். சாம்சங் டேப்லெட்டுகளில் ஆளுக்கொரு பயனர் கணக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டு ஐபேடில் அது கிடையாது. கைடட் ஆக்சஸ் என்று ஒன்றை வைத்து, குழந்தையை ஒரே செயலிக்குள் நிறுத்தி வைக்கலாம். மற்ற ஆண்ட்ராய்டுகளில் கூகுள் ஃபேமிலி லிங்க் வழியாக அவள் கணக்குக்கு நேரக் கட்டுப்பாடு போடலாம். கடையிலேயே அமைப்புகளைத் திறந்து, பல பயனர் வசதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சிம் போடும் மாடல் வேண்டாம். ஐபேட் ஏ16 2025-இல் வந்தபோது வைஃபை மாடல் 34,900, சிம் போடுவது 49,900. அந்த 15,000 ரூபாய்க்கு உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டே பதில். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் போகும்போது எப்படியும் கர்ஜத் தாண்டி மலை ஏறுகிற இடத்தில் சிக்னல் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? புத்தகமும் மதினிக்கு வேண்டிய வீடியோக்களும் முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு 128 ஜிபி போதும். ஸ்கேன் புத்தகம் ஒன்று 200 எம்பி என்றாலே நானூறு புத்தகத்துக்கு 80 ஜிபிதான். மெமரி கார்டு போடும் இடம் ஏ9 பிளஸில் உண்டு. ஐபேடிலும் சியோமியிலும் இல்லை. மழைக்காலத்தில் சார்ஜ் போடும் ஓட்டையில் ஈரம் என்று எச்சரிக்கை வந்தால் துணியைத் திணிக்க வேண்டாம், ஒரு மணி நேரம் ஃபேனுக்கு அடியில் வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கள் மேசைக்கு வருவதில் பாதி இந்த ஓட்டையைக் குடைந்து கெடுத்தவைதான்.

முக்கியமான ஒன்று. கடையில் உங்களுக்குக் காட்டப் போவது கடலும் பறவையும் உள்ள டெமோ வீடியோ, அதில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் படிக்கிற பழைய பத்திரிகைத் தொகுப்பில் ஒன்றை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒவ்வொரு டேப்லெட்டிலும் திறந்து, நிமிர்த்தி வைத்து, ஒரு பத்தியை உங்கள் கண்ணாடியோடு வாசியுங்கள். டியூப் லைட் திரையில் பிரதிபலிக்கிற இடத்தில் நின்றே வாசியுங்கள், நம் வீட்டில் வெளிச்சம் அப்படித்தான். ஐபேட் ஏ16-இன் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு, பிரதிபலிப்பு கொஞ்சம் கூடுதல். அது உங்களுக்கு உறுத்துகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். ணகரமும் புள்ளியும் எதில் சிரமமில்லாமல் தெரிகிறதோ அதை எடுங்கள், நான் சொன்ன ஒன்பிளஸாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தாதரில் பெரிய கடைகளில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஞாயிறு வேண்டாம், தண்டவாள வேலைக்காக மெகா பிளாக் போட்டு மின்சார ரயிலெல்லாம் தாமதமாகும். சனிக்கிழமை காலை 11 மணிக்கு நீங்களும் மதினியும் கிளம்புவதானால் சொல்லுங்கள், சயான் ஸ்டேஷனில் வந்து சேர்ந்துகொள்கிறேன். படிக்கிற கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.